தாய் உண்ட மருந்து, மகள் கொண்ட நோய்

சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து திருப்பெரும்புதூர் செல்லும் சாலையிலே, ஒரகடத்தில், ஆலைகளின் பணிமுறை மாறும் வேளையில் நின்று பார்த்தவர் அறிவர், தமிழகம் எவ்வளவு மாறிவிட்டது என்பதை. பேருந்து பேருந்தாக இளநங்கையர்! கழுத்திலே அடையாள அட்டை, தோளிலே சிறு பை, கண்ணிலே உறக்கம், நடையிலே விரைவு. தென்மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்தவர் உண்டு. ஒடியா பேசும் பெண் உண்டு. சார்கண்டிலிருந்து வந்தவளும் உண்டு. வல்லம் வடகாலில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் அளவுக்கு ஒரு விடுதி எழுப்பி, 2024 ஆகஸ்டில் அரசு திறந்து வைத்தது. இராமானுசர் பிறந்த ஊர் என்று ஒரு காலத்தில் அறியப்பட்ட திருப்பெரும்புதூர், இன்று கைப்பேசி பிறக்கும் ஊர், கார் பிறக்கும் ஊர்.

இருபதை ஒட்டிய வயதினர் இவர்களுள் மிகுதி. இன்னும் சில ஆண்டுகளில் மணம் புரிவர், தாயாவர். வேலை தந்தோம், விடுதி தந்தோம் என்று கணக்குக் காட்டுவோர், இவர்களது உடல்நலத்தைப் பற்றிப் பேசும்போது உணவையும் உறக்கத்தையும் பேசுகின்றனர், நன்று, பேசட்டும். நாம் பேசவேண்டியது ஒரு சிறு மாத்திரையைப் பற்றி. தாய் விழுங்கினாள், தாய்க்கு ஒன்றும் நேரவில்லை, வயிற்றிலிருந்த மகளுக்கு, அவள் வளர்ந்து, பூத்து, கல்லூரி செல்லும் பருவத்தில் நோய் வந்தது! கட்டுக்கதையன்று, தோழர்களே, முன்வினைப் பயன் என்று கதாகாலட்சேபக்காரர் கூறும் கதையுமன்று. நாளும் அளவும் குறிக்கப்பட்ட, மருத்துவ ஏடுகளில் பதிவான வரலாறு.

1938இல் இலண்டன் மாநகரில் சார்லஸ் டாட்ஸ் என்னும் அறிவியலாளர், ஆக்சுபோர்டு வேதியியலாருடன் சேர்ந்து, ஒரு புதுப்பொருளை ஆக்கினார். பெண்ணின் சூற்பையில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் செய்கிற வேலையை அப்படியே செய்தது அது. இயற்கை ஹார்மோனைப் பிரித்தெடுப்பது பெருஞ்செலவு, இதுவோ மலிவு. ஊசி தேவையில்லை, விழுங்கினால் போதும். டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்று நீண்ட பெயர், சுருக்கி டி.ஈ.எஸ். என்பர். பிரிட்டிஷ் மக்களின் பொதுப்பணத்தில் நடந்த ஆராய்ச்சியாதலால், அதற்குத் தனியுரிமை பெறவில்லை. நல்லெண்ணம்தான்! ஆனால் அந்த நல்லெண்ணமே பிறகு வேறு விதமாக முடிந்தது. உரிமையாளர் இல்லாத பொருளை யார் வேண்டுமானாலும் செய்யலாமன்றோ? அமெரிக்க நாட்டில் கம்பெனிக்கு ஒரு பெயராக, கடைக்கு ஒரு வண்ணமாக, இந்த மாத்திரை பெருகிற்று.

எச்சரிக்கை இல்லாமலா போயிற்று? இருந்தது. மருந்து பிறந்த அதே 1938இல், பிரெஞ்சு நாட்டு லக்கசாஞ், அதைச் சுண்டெலிக்குக் கொடுத்து, மார்பிலே கட்டி தோன்றுவதைக் கண்டு எழுதினார். அடுத்த ஆண்டிலேயே சிக்காகோப் பகுதி ஆராய்ச்சியாளர் மூவர், சினை எலிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் வகைப் பொருள்களைக் கொடுத்தபோது குட்டிகளின் பிறப்புறுப்பு உருக்குலைந்து அமைவதைக் கண்டு வெளியிட்டனர். எலிதானே, மனிதரா என்றனர் போலும். 1941இல் மாதவிடாய் முடிவுக்கால வேதனை முதலிய சில குறைகளுக்கு இம்மருந்தை விற்கலாமென்று அமெரிக்க அரசு இசைந்தது. 1947இல் கருவுற்ற பெண்களுக்கும் கொடுக்கலாமென்று இசைந்தது.

கருவுற்ற பெண்ணுக்கு எதற்காக? அங்குதான் பாஸ்டன் நகரத்துத் தம்பதியர் வருகின்றனர். ஜார்ஜ் ஸ்மித், ஆலிவ் ஸ்மித் என்ற அந்த இருவரும் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். கற்றவர்கள், மதிப்புக்குரியவர்கள், தாய்மார்க்கு நன்மை செய்யவேண்டுமென்று உள்ளபடியே விரும்பியவர்கள். கருச்சிதைவுக்குக் காரணம் ஹார்மோன் குறைவு என்பது அவர்கள் கருத்து. குறைவதை மாத்திரையால் நிறைத்தால் கரு நிலைக்கும் என்றனர். ஏழாவது வாரத்தில் நாளொன்றுக்கு 5 மில்லிகிராம். வாரம் செல்லச் செல்லக் கூட்டி, 35ஆவது வாரத்தில் நாளொன்றுக்கு 125 மில்லிகிராம்! 1948இல் 632 கருவுற்ற பெண்களின் செய்தியைத் தொகுத்து வெளியிட்டு, பயன் கண்டோம் என்றனர்.

பயன் கண்டோம் என்றனரே, எதனோடு ஒப்பிட்டுக் கண்டனர்? மாத்திரை உண்ணாத, மற்றெல்லா வகையிலும் ஒத்த பெண்களோடு முறையாக வைத்துப் பார்த்தனரா? இல்லை. மருந்து கொடுத்தார், குழந்தை பிறந்தது. ஆகவே மருந்தால் பிறந்தது. மரத்தைச் சுற்றினாள், மகவு பெற்றாள்; ஆகவே மரம் தந்தது என்று நம் ஊர்க் கிழவியர் கூறுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கிழவியைக் கண்டால் நகைக்கிறோம். ஆர்வர்டு என்றால் அடங்கிவிடுகிறோம்.

அறிவியலின் பெருமை, அங்கே கேள்வி கேட்பவனும் இருக்கிறான் என்பது. சிக்காகோ பல்கலைக்கழகத்து மகப்பேறு மருத்துவமனையில் வில்லியம் டீக்மன் என்பவரும் அவர் குழுவினரும் ஒரு சோதனை நடத்தினர். 1,646 கருவுற்ற பெண்கள். 840 பேருக்கு டி.ஈ.எஸ்.; 806 பேருக்கு அதேபோலத் தோற்றமுள்ள, மருந்தில்லாத வெறும் மாத்திரை. 1953இல் முடிவு வெளிவந்தது. கருச்சிதைவு குறைந்ததா? குறையவில்லை. குறைப்பேறு குறைந்ததா? அதுவுமில்லை. மருந்தால் பயன் ஏதுமில்லை! இதே கணக்கை 1978இல் வேறு ஆராய்ச்சியாளர் இருவர் மீண்டும் எடுத்து ஆராய்ந்தபோது, பயனில்லை என்பது மட்டுமன்று, மருந்துண்ட பெண்களிடம் கருச்சிதைவும் குறைப்பேறும் மிகுதியாகவே இருந்தன என்று கண்டனர். தடுக்க வந்த மருந்து, தடுக்கவேண்டியதையே வளர்த்தது!

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. சோதனை நல்ல சோதனை. ஆனால் சோதனைக்கு ஆட்பட்ட அந்தப் பெண்களிடம், உங்களுக்குக் கொடுப்பது இன்ன மருந்து என்று சொல்லவில்லை என்று அவர்கள் பின்னாளில் வழக்குத் தொடுத்தனர். இசைவில்லாமல் உடலைத் தீண்டிய குற்றமாக அதை விசாரிக்கலாமென்று 1978இல் அமெரிக்க நீதிமன்றம் ஏற்றது. உண்மையைத் தேடுகிறேன் என்பவனும் உண்மையை மறைக்க உரிமையுடையவன் அல்லன்.

1953இல் முடிவு வந்ததே, மருந்து நின்றிருக்க வேண்டுமன்றோ? நிற்கவில்லை. பாடநூல்கள் சில திருந்தின. பெரிய மருத்துவர் சிலர் கைவிட்டனர். கம்பெனிகள் கைவிடவில்லை. 1957இல் மருத்துவ ஏட்டிலே ஒரு விளம்பரம்: குறையுள்ளவர்க்கு மட்டுமன்று, கருவுற்ற எல்லாப் பெண்களுக்குமே இதைக் கொடுங்கள், குழந்தை பெரிதாகவும் வலுவாகவும் பிறக்கும் என்ற பொருள்பட! பயனில்லை என்று மெய்ப்பித்து நான்காண்டு சென்றபின் இந்தத் துணிவு. இன்னொரு வேடிக்கையும் உண்டு. கோழியின் கழுத்திலே இம்மருந்தைப் புதைத்துக் கொழுக்க வைக்கும் வழக்கத்தை அமெரிக்க அரசு 1959இல் நிறுத்திற்று. கோழிக்கு ஆகாதென்று விலக்கிய மருந்தைக் கருவுற்றவளுக்கு மேலும் பன்னிரண்டாண்டு கொடுத்தனர். அந்நாட்டில் மட்டும் தாயும் சேயுமாக இம்மருந்துக்கு ஆட்பட்டோர் 50 இலட்சத்திலிருந்து ஒரு கோடி வரை இருக்கலாமென்று மதிப்பிடுவர்.

பிறகு வந்தது பாஸ்டன். மருந்துக்குப் புகழ் தேடித் தந்த அதே பாஸ்டன்!

1966க்கும் 1969க்கும் இடையே, அந்நகரத்து மருத்துவமனைக்கு ஒருவர்பின் ஒருவராக ஏழு இளம்பெண்கள் வந்தனர். வயது 15 முதல் 22. நோய், யோனிக்குழாயின் சுரப்பித் திசுவில் தோன்றும் ஒரு புற்று. அந்த வயதில் அது வருவதென்பது உலக மருத்துவ ஏடுகளைப் புரட்டினாலும் விரல்விட்டு எண்ணத்தக்க அளவே. ஒரே ஊரில், சில ஆண்டுகளில், ஏழு! மருத்துவர்கள் ஆர்தர் ஹெர்ப்ஸ்ட், ஹோவர்டு உல்ஃபெல்டர், நோய்ப்பரவல் ஆய்வாளர் டேவிட் பாஸ்கன்சர் ஆகிய மூவர் காரணம் தேடினர். அப்பெண்கள் எதை உண்டனர், எதைப் பூசினர், என்ன பழக்கம், எவ்வகை வாழ்வு? விடை கிட்டவில்லை.

நோயுற்ற பெண்ணொருத்தியின் தாய் ஓர் ஐயத்தை எழுப்பினார். இவள் என் வயிற்றிலிருந்தபோது நான் ஒரு மாத்திரை உண்டேன்; அதனால் இருக்குமோ? அவர் மருத்துவம் பயின்றவர் அல்லர். மகளின் கட்டிலருகே அமர்ந்து, இருபதாண்டுக்கு முன் நடந்தவற்றை மனத்திலே புரட்டிப் பார்த்த ஒரு தாய். அந்தக் கேள்வியை மருத்துவர்கள் மற்றத் தாய்மாரிடமும் கேட்கத் தொடங்கினர். எட்டாவதாகவும் ஒரு பெண் கணக்கில் சேர்ந்தாள். நோயுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒப்பாக, அதே காலத்தில் பிறந்த நலமுள்ள பெண்கள் நால்வர் வீதம் 32 பேரைத் தெரிந்து, அவர்தம் தாய்மாரையும் கேட்டனர். நோயுற்ற எட்டுப் பேரில் ஏழு பேரின் தாய்மார், கருவுற்ற தொடக்க மாதங்களில் டி.ஈ.எஸ். உண்டிருந்தனர். நலமுள்ள 32 பேரின் தாய்மாரில் ஒருவர்கூட உண்ணவில்லை! 1971 ஏப்ரல் 22இல், நியூ இங்கிலாந்து மருத்துவ ஏட்டில், சில பக்கங்களே கொண்ட கட்டுரையாக இது வெளிவந்தது. எட்டுப் பேரை வைத்துக்கொண்டு ஒரு முடிவா என்று கேட்கலாம். ஏழுக்குப் பூச்சியம் என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட எந்தக் கணக்கனாலும் முடியவில்லை. அதே ஆண்டில் நியூயார்க் மாநிலத்தார் தம் பதிவேட்டில் தேடி மேலும் ஐவரைக் கண்டனர். ஐவரின் தாய்மாரும் இவ்வகை ஹார்மோன் உண்டவர்கள். 1971 நவம்பரில், கருவுற்றவருக்கு இதைக் கொடுக்கலாகாது என்று அமெரிக்க அரசு அறிவித்தது. ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் மேலும் சில ஆண்டுகள் கொடுத்தே வந்தனர்.

இது எவ்வாறு நேர்ந்தது? முன்வினையா, முகத்தில் விழித்ததன் பயனா? கருவில் இருக்கும் பெண் குழந்தைக்கு இரு குழாய்கள் இணைந்து கருப்பையும் அதைச் சேர்ந்த வழியும் உருவாகின்றன. தொடக்கத்தில் அவ்வழியின் உட்புறத்தே இருப்பது சுரப்பித் தன்மையுள்ள மெல்லிய தோல். பிறகு அது விலகி, தட்டையான வலிய தோல் கீழிருந்து மேலேறி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. முதல் நான்கைந்து திங்களுக்குள் நடந்தேறும் வேலை இது. எப்போது எது விலகவேண்டும், எது ஏறவேண்டும் என்பதற்கான கட்டளைகள் நுட்பமானவை. அந்த வேளையில் வெளியிலிருந்து வலிமைமிக்க ஹார்மோன் ஒன்று புகுந்தால் கட்டளை குழம்புகிறது. விலகவேண்டிய சுரப்பித் தோல் விலகாமல் திட்டுத்திட்டாகத் தங்கிவிடுகிறது. பெண் பருவமெய்தும் வரை அது உறங்குகிறது. பின் அவள் உடலிலேயே ஹார்மோன் ஊறத் தொடங்கும்போது, ஆயிரத்தில் ஒருத்திக்கு, அந்தத் திட்டிலே புற்று தோன்றுகிறது. சிறு வயதிலே ஆட்பட்ட கருவுக்குத்தான் ஆபத்து மிகுதி. மூன்றாம் திங்களுக்கு முன் மருந்துண்ட தாயின் மகளுக்கே அஞ்சவேண்டியது மிகுதி.

ஆயிரத்தில் ஒருத்தி என்றால் குறைவுதானே என்று ஆறுதல் கொள்வோருக்கு மற்றக் கணக்கையும் சொல்ல வேண்டும். மருந்துக்கு ஆட்பட்ட 4,653 மகள்களையும், ஆட்படாத 1,927 பெண்களையும் நெடுங்காலம் தொடர்ந்து கண்காணித்து 2011இல் அமெரிக்கர் வெளியிட்ட ஆய்வில், மகப்பேறின்மை நூற்றுக்கு 33.3; ஆட்படாதவரிடம் 15.5. நடுமாதங்களில் கருக்கலைதல் 16.4, மற்றவரிடம் 1.7. கருப்பைவாயில் புற்றுக்கு முந்தைய மாற்றம் 6.9, மற்றவரிடம் 3.4. நாற்பது கடந்தபின் மார்பகப் புற்று 3.9, மற்றவரிடம் 2.2. கருவைக் காக்கவென்று தாய்க்குக் கொடுத்த மருந்து, மகளின் கருவைக் கலைத்தது.

ஒரு விளக்கம் இங்கே தேவை. இல்லையேல் அச்சம் இடம் மாறிப் போகும். நம் நாட்டுப் பெண்களை வாட்டும் கருப்பைவாய்ப் புற்று பெரிதும் வேறு வகை. அது பாப்பிலோமா என்னும் தீநுண்மியால் வருவது; தடுப்பூசியால் தடுக்கத்தக்கது; முன்னதாகச் சோதித்தால் குணமாக்கத்தக்கது. திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்களில், வினிகர் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனையை ஒரே முறை செய்து, அந்நோயால் நேரும் இறப்பை நூற்றுக்கு 35 குறைத்துக் காட்டினர். 2007இல் அம்முடிவு வெளியாயிற்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாற்றில் நிறுவிய புற்றுநோய் நிலையமும், அறிஞர் அண்ணா அதே கொடுநோய்க்கு இரையானபின் 1969இல் அவர் பெயரால் காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் எழுந்த மருத்துவமனையும் ஆற்றிவரும் பணி நாமறிந்ததே. ஒரகடத்திலிருந்து வாலாசாபாத் வழியே சென்றால் காரப்பேட்டை தொலைவில் இல்லை. ஆலைப் பெண்கள் அங்கே சோதனைக்குச் செல்ல ஒரு நாள் ஊதியத்தோடு விடுப்புத் தந்தால் எத்தனையோ உயிர் பிழைக்கும். அது தனிக் கட்டுரைக்குரிய செய்தி.

டி.ஈ.எஸ். அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று ஏட்டை மூடிவிட வேண்டாம். இம்மருந்துக்கு உறவுமுறை மருந்து ஒன்று நம் நாட்டிலே விளையாடிற்று.

ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்ட்ரோன் வகையையும் மிகுந்த அளவில் கலந்து செய்த மாத்திரை அது. ஈ.பி. மாத்திரை என்பர். மாதவிடாய் தள்ளிப்போனவளிடம் இதைக் கொடுப்பர். கருவில்லையேல் சில நாளில் உதிரம் வரும். கரு இருந்தால் வராது. இதுதான் சோதனை! ஒரு துளி சிறுநீரில் அறியத்தக்கதை அறிய, உருவாகிக்கொண்டிருக்கும் கருவின்மேல் ஹார்மோனைக் கொட்டிப் பார்ப்பது! அதைவிடக் கொடுமை ஒன்றும் உண்டு. இது கருவைக் கலைக்கும் என்றொரு நம்பிக்கை ஊரெங்கும் பரவியிருந்தது. கலைக்காது. ஆயினும் மருந்துக்கடைக்காரர் கொடுத்தார், தகுதியற்ற வைத்தியர் கொடுத்தார், தகுதியுள்ளவரும் கொடுத்தனர். கருக்கலைப்பைச் சட்டம் 1971இலேயே இசைந்திருந்தும், மருத்துவமனைப் படியேற அஞ்சி, ஊர்வாய்க்கு அஞ்சி, கணவன்வீட்டுக்கு அஞ்சி, பெண்கள் கைப்பிடி மாத்திரையை விழுங்கினர். கரு கலையவில்லை, மருந்தில் ஊறி வளர்ந்தது.

பிரிட்டனில் 1967இலேயே இசபெல் கால் என்னும் குழந்தை மருத்துவப் பெண்மணி, இவ்வகைச் சோதனை மாத்திரைக்கும் குழந்தைகளின் முதுகுத்தண்டுக் குறைக்கும் தொடர்பு இருக்கலாமென்று எழுதினார். அங்கே அம்மாத்திரை 1978இல் கடையிலிருந்து மறைந்தது. ஊனத்துக்கு அதுவே காரணமா என்பதில் அந்நாட்டு வல்லுநரிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. 2017இல் ஒரு குழு, தொடர்பு மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. 2020இல் வேறொரு குழு, ஐயம் எழுந்த 1967இலேயே நிறுத்தியிருக்க வேண்டுமென்றது. நாம் இரண்டாவதன் பக்கம். பயனே இல்லாத ஒன்றுக்காக ஒரு கருவையேனும் ஐயத்தில் நிறுத்த எவருக்கு உரிமை?

இந்தியாவில் 1982இல் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி, இம்மாத்திரையை ஆக்குவதையும் விற்பதையும் நிறுத்த ஆணையிட்டார். ஆணை நடைமுறைக்கு வந்ததா? கம்பெனிகள் நீதிமன்றம் சென்று தடையாணை பெற்றன. தடைக்குத் தடை! மாத்திரை கடையிலேயே இருந்தது. பெண்கள் அமைப்பினரும், டாக்டர் மீரா சிவா முதலானோர் முன்னின்ற அகில இந்திய மருந்து நடவடிக்கைக் கூட்டமைப்பினரும் விடவில்லை. துண்டறிக்கை அச்சிட்டனர், கடை கடையாகச் சென்றனர், மருத்துவர் சங்கங்களோடு வாதிட்டனர். இறுதியில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, பொது விசாரணை நடத்தி முடிவு செய்யுமாறு பணித்தது. 1987இல் விசாரணை நடந்தது. ஒரு மருந்தைப் பற்றிப் பெண்களும் வந்து பேசிய விசாரணை! கம்பெனிப் பக்கத்தில் பட்டம் பெற்ற வல்லுநர்கள். இப்பக்கத்தில் பெண்கள் குழுக்களும், கம்பெனிக்கு வளையாத மருத்துவர்களும். 1988இல் தடை உறுதியாயிற்று. மாத்திரையொன்றில் ஈஸ்ட்ரோஜன் 50 மைக்ரோகிராமுக்கும், புரோஜெஸ்டின் 3 மில்லிகிராமுக்கும் மேற்பட்ட கலவை இந்தியாவில் ஆகாது என்பது இன்று சட்டம்.

1982இலிருந்து 1988 வரை ஆறாண்டு. அந்த ஆறாண்டில் எத்தனை கருக்கள் அதற்கு ஆட்பட்டன? எண்ணிச் சொல்ல எவராலும் முடியாது. ஏனெனில் எவரும் எழுதி வைக்கவில்லை. கட்டுரையின் உள்ளக்கிடக்கையே இதுதான்.

அமெரிக்காவிலும் இதுவே நேர்ந்தது. நோயுற்ற மகள்கள் நீதிமன்றம் சென்றபோது, உன் தாய் உண்டது எந்தக் கம்பெனி மாத்திரை என்று கேட்டனர். இருபதாண்டுக்கு முன் உண்ட மாத்திரையின் கம்பெனிப் பெயரை எந்தத் தாய் சொல்வாள்? சீட்டு இல்லை, கடைக்கணக்கு இல்லை, மருத்துவர் இறந்துவிட்டார். செய்து விற்ற கம்பெனிகளோ இருநூறு. எவன் விற்றான் என்று தெரியாதவரை எவனும் பொறுப்பாளி அல்லன் என்பது பழைய நீதி. கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 1980இல், ஜூடித் சிண்டெல் என்ற பெண்ணின் வழக்கிலே, அந்தப் பழைய நீதியை உடைத்தது. யார் விற்றது என்று அவள் மெய்ப்பிக்கவேண்டியதில்லை. சந்தையில் எவர் எவ்வளவு விற்றாரோ, அந்தப் பங்குக்கு அவரவர் பொறுப்பாகட்டும் என்றது. பெயரில்லா மாத்திரையை விற்றவர்கள், பெயரில்லை என்பதையே கேடயமாகப் பிடித்தனர், கேடயம் பிளந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள், தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் பணிபுரியும் ஏறத்தாழ நூறு பெண்களைக் கண்டு பேசினர். மாதவிடாய் வலி என்றால் ஆலையிலேயே ஒரு மாத்திரை கொடுக்கின்றனர். உறையில்லை, பெயரில்லை, காலாவதி நாளில்லை. விடுப்புக் கேட்காமல் இயந்திரத்தின்முன் நிற்கவைப்பதே அதன் வேலை என்பது அவர்கள் கூற்று. அவை வலி நீக்கும் மாத்திரைகள். ஹார்மோன் என்று எவரும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. அது ஆடை ஆலைச் செய்தி. ஒரகடத்து ஆலைகளைக் குற்றம் சாட்டுவதற்கும் அதை எடுத்துக்காட்டவில்லை. நம் கேள்வி வேறு. பெயரில்லாத மாத்திரையை, மருத்துவர் அல்லாத மேற்பார்வையாளர் கையிலிருந்து வாங்கி, என்ன என்று கேளாமல் விழுங்கும் பழக்கம் ஒரு பெண்ணுக்குப் படிந்துவிட்டால், நாளை அவள் கருவுற்றிருக்கையில் எவர் எதைக் கொடுத்தாலும் கேட்பாளா? ஊருக்குப் போகவேண்டும், திருமணம் வருகிறது, திருவிழா வருகிறது என்று மாதவிடாயைத் தள்ளிவைக்கும் மாத்திரையைச் சீட்டில்லாமல் கடையில் வாங்குகின்றனரே; அதுவும் ஹார்மோன்தான். மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்பது சட்டம். தான் கருவுற்றிருப்பதை அறியாமலே அதை விழுங்கும் பெண் உண்டு.

கருவுற்ற பெண்ணுக்கு ஹார்மோன் எதுவுமே ஆகாது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதும் பகுத்தறிவாகாது. பிரிட்டனில் 4,153 பெண்களைக் கொண்டு நடத்தி 2019இல் முடிவு வெளியிட்ட சோதனையில், முன்பு கருச்சிதைவுற்று, இப்போது தொடக்கத்தில் உதிரம் காணும் பெண்ணுக்கு இயற்கைப் புரோஜெஸ்ட்ரோன் ஓரளவு உதவக்கூடும் என்பதற்குக் குறிப்புக் கிடைத்தது. மருத்துவர் ஆய்ந்து கொடுத்தால் அஞ்சி நிறுத்தவேண்டாம். அதே வேளையில், ஹைட்ராக்சிபுரோஜெஸ்ட்ரோன் கேப்ரோயேட் என்னும் ஊசியின் கதையையும் அறியவேண்டும். குறைப்பேற்றைத் தடுக்குமென்று அமெரிக்காவில் இசைவு பெற்ற அம்மருந்து, பயனில்லை என்று பெரிய சோதனையில் தெரிந்தபின், 2023இல் அங்கே இசைவை இழந்தது. கலிபோர்னியாவில் 1960களில் கருவுற்ற பெண்களின் பிள்ளைகளை ஐம்பதாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியான ஆய்வொன்று, கருவில் அம்மருந்துக்கு ஆட்பட்டவரிடம் புற்றுநோய் ஏறத்தாழ இருமடங்கு காணப்பட்டதென்றது. ஆட்பட்டவர் எண்ணிக்கை 234தான், ஓர் ஆய்வுதான், முடிந்த முடிவென்று கூறுவது அவசரம். ஆனால் அந்த ஒற்றை ஆய்வுகூட எவ்வாறு இயன்றது? தாய்க்கு என்ன ஊசி, எந்த வாரத்தில், எத்தனை முறை என்று 1960களில் ஒரு மருத்துவமனை எழுதி வைத்திருந்தது. அரை நூற்றாண்டு கழித்து எடுத்துப் படிக்க முடிந்தது.

நம்மிடம் அந்த வசதி இல்லாமல் இல்லை. தமிழகத்தில் கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் பிக்மி எண் உண்டு. குழந்தையின் பிறப்புச் சான்றுக்கே அந்த எண்ணைக் கேட்கின்றனர். எடை எழுதுகின்றனர், இரத்த அழுத்தம் எழுதுகின்றனர், இரும்புச்சத்து மாத்திரை எழுதுகின்றனர். தனியார் மருத்துவமனையில் போட்ட ஹார்மோன் ஊசி? கடையில் வாங்கிய மாத்திரை? ஆலை முதலுதவி அறையில் விழுங்கியது? திருப்பெரும்புதூரில் கருவுற்று, ஐந்தாம் திங்களில் வேலையை விட்டு, திருவண்ணாமலைக்கோ ஒடிசாவுக்கோ தாய்வீடு செல்லும் பெண்ணின் முதல் நான்கு திங்கள், மருந்து தீங்கு செய்யுமாயின் செய்யக்கூடிய அந்த நான்கு திங்கள், எந்த ஏட்டிலே இருக்கின்றன?

ஆலைப் பகுதித் தோழர்கள் செய்யக்கூடியது இருக்கிறது, மாநாடு தேவையில்லை. முதலுதவி அறையில் தரும் மாத்திரை ஒவ்வொன்றும் அச்சிட்ட உறையோடு வரவேண்டும். பெயர், அளவு, நாள் ஆகியவற்றை எழுதிய சீட்டு அந்தப் பெண்ணின் கையில் தரப்படவேண்டும். சீட்டு அவள் படிக்கும் மொழியில், தமிழிலோ ஒடியாவிலோ இந்தியிலோ இருக்கவேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி என்று விலக்கலாகாது. கருவுற்ற பெண்ணின் பிக்மிப் பதிவில், எங்கே கொடுத்ததாயினும் ஹார்மோன் மருந்து ஒவ்வொன்றையும், கொடுத்த வாரத்தோடு சேர்க்கவேண்டும். குழந்தை பிறந்ததும் கட்டிப் பரணில் போடாமல் முப்பதாண்டேனும் காக்கவேண்டும். பாஸ்டன் மருத்துவமனைக்கு வந்த அந்தப் பெண்களில் மூத்தவளுக்கு வயது 22.